கணைய அறுவைக்குப் பின் கசிவு: குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் யாருக்கு, எப்படி?

கேள்வி இதுதான்: கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் அறுவைசிகிச்சையில் மீதிக் கணையத்தைச் சிறுகுடலோடு இணைக்கும்போது கணையக் குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட் (மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) வைத்துவிட்டால் கணையச் சாறு கசிவதைத் தடுக்கலாமா? எல்லோருக்கும் வைக்கலாமா? வெளியே கொண்டுவரும் குழாய் நல்லதா, உள்ளேயே விட்டுவிடும் சிறு துண்டு நல்லதா? கணையத்தின் வால்பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையிலும் இது உதவுமா?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கணையம் மென்மையாகவும் குழாய் 3 மி.மீ. அல்லது அதைவிடச் சிறிதாகவும் இருப்பவர்களுக்கு, சாற்றை உடலுக்கு வெளியே எடுத்துவிடும் ஸ்டென்ட் கசிவைக் குறைக்கிறது, அடியோடு நிறுத்துவதில்லை. கணையம் கெட்டியாகவும் குழாய் அகலமாகவும் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வீண் சுமை. உள்ளேயே விடும் துண்டு கசிவைத் தடுக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. வால்பகுதி அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி வழியாகத் தடுப்பு ஸ்டென்ட் வைக்கும் யோசனையைக் கைவிடலாம்.

இனி ஏன், எப்படி என்று பார்ப்போம்.

விப்பிளில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை எடுக்கப்படுகின்றன. பிறகு கணையம், பித்தக்குழாய், இரைப்பை என மூன்று இணைப்புகள். மற்ற இரண்டும் பொதுவாக நன்றாக ஆறிவிடும். கணைய இணைப்பு அப்படியல்ல. கணையம் ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 1.5 லிட்டர் வரை சாறு சுரக்கும். புரதத்தைக் கரைக்கும் நொதிகள் அதில் இருக்கின்றன. ஆனால் அவை செயலற்ற நிலையில்தான் கணையத்தை விட்டு வெளியேறுகின்றன. சிறுகுடலின் உட்பரப்பில் உள்ள என்டெரோபெப்டிடேஸ் என்ற நொதி டிரிப்சினோஜனை டிரிப்சினாக மாற்றும். அந்த டிரிப்சின் மற்ற நொதிகளையும் எழுப்பிவிடும். சுத்தமான கணையச் சாறு வயிற்றுக்குள் கசிந்தால் அழற்சி வரும். குடல் நீரோடும் பித்தத்தோடும் கலந்து கசிந்தால் தையலையும் இரத்தக்குழாய்ச் சுவரையும் அரிக்கும். இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் வெளி ஸ்டென்டின் தர்க்கம் தானாகப் புரியும்: சாறு குடலைத் தொடுவதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிட்டால், இணைப்பு ஆறும் வாரங்களில் எழுப்பப்பட்ட நொதி அங்கே தேங்காது.

ஸ்டென்ட் இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. 2 மி.மீ. குழாயில் முன்சுவருக்குத் தையல் போடும்போது ஊசி தவறிப் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். உள்ளே ஒரு குழாய் இருந்தால் அது நடக்காது. அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் திசு வீங்கும்போது அந்தச் சிறு வாய் அடைபடாமலும் அது காக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசிவு எல்லாம் பிரதானக் குழாயின் வாயிலிருந்து வருவதில்லை. வெட்டுப்பரப்பில் திறந்துகிடக்கும் கிளைக்குழாய்கள், ஊசி போன துளைகள், முடிச்சு இறுகும்போது திசு கிழிந்த இடங்கள், இரத்தவோட்டம் குறைந்து கருகிய விளிம்பு என்று வேறு வழிகளும் உண்டு. மென்மையான கணையத்தில் தையல் போடுவது வெண்ணெயில் நூல் கட்டுவது போலத்தான். பிரதானக் குழாயில் வைத்த ஸ்டென்ட் இவற்றில் எதையும் தொடாது. மிகக் கச்சிதமாக ஸ்டென்ட் வைத்த நோயாளிக்கும் கசிவு வருவதற்குக் காரணம் இதுதான். மீதமுள்ள கணையத்தில் அறுவைக்குப் பின் வரும் கடும் அழற்சியும் கசிவுக்கு ஒரு மூலம். அதற்கும் ஸ்டென்ட் மருந்தல்ல. குழாய்க்குப் பொருந்தாத பருமனில் திணித்த ஸ்டென்ட் அந்த அழற்சியைத் தூண்டவும் கூடும்.

யாருக்கு என்று முடிவுசெய்ய ஊகம் தேவையில்லை, கணக்கு இருக்கிறது. 2013-இல் வெளியான கசிவு அபாய மதிப்பெண் நான்கு விஷயங்களைக் கூட்டுகிறது. கணையம் மென்மையாக இருந்தால் 2. நோய் கணையக் குழாய்ப் புற்றோ நாட்பட்ட கணைய அழற்சியோ அல்லாமல் வேறாக இருந்தால் 1. குழாய் 5 மி.மீ. அல்லது மேல் என்றால் 0, 4 என்றால் 1, 3 என்றால் 2, 2 என்றால் 3, 1 அல்லது கீழ் என்றால் 4. இரத்தஇழப்பு 400 மி.லி. வரை 0, 700 வரை 1, 1000 வரை 2, அதற்கு மேல் 3. மொத்தம் 0 என்றால் அபாயம் புறக்கணிக்கத்தக்கது, 1–2 குறைவு, 3–6 நடுத்தரம், 7–10 அதிகம். பின்னர் வந்த ஒரு மாற்று வடிவத்தில் இரத்தஇழப்பும் நோய்வகையும் நீக்கப்பட்டு, மென்மை, குழாயின் விட்டம், உடல் நிறைக் குறியீடு மூன்று மட்டும் உள்ளன. இவற்றிலும் எளிது, சர்வதேச கணைய அறுவைக் குழு பரிந்துரைத்த நான்கு வகை: கெட்டியான கணையமும் 3 மி.மீ.க்கு மேற்பட்ட குழாயும் ஏ. கெட்டி, 3 அல்லது கீழ் பி. மென்மை, 3-க்கு மேல் சி. மென்மை, 3 அல்லது கீழ் டி. ஸ்டென்ட் பற்றிய பேச்சு உண்மையில் டி வகைக்காரர்களைப் பற்றியதுதான். சி வகையில் யோசிக்கலாம். ஏ வகையில் வேண்டாம்.

ஆம்புல்லா (பித்தக்குழாயும் கணையக் குழாயும் குடலில் திறக்கும் இடம்) கட்டி, பித்தக்குழாயின் அடிப்பகுதிப் புற்று, முன்சிறுகுடல் கட்டி, ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் சிறிய நியூரோஎண்டோகிரைன் கட்டி ஆகியவற்றுக்கு விப்பிள் செய்யும்போது டி வகை அடிக்கடி வரும். கணையக் குழாய்ப் புற்றில் குழாய் நாள்பட அடைபட்டு விரிந்தும், திசு நார்த்தன்மையாகியும் இருப்பதால் தையல் நன்றாகப் பிடிக்கும். புற்றின் பார்வையில் நல்ல செய்தி கிடைக்கும் நோயாளிக்குத்தான் கசிவு அபாயம் கூடுதல்.

ஆய்வுகளைப் படிப்பதற்கு முன் கசிவு என்று எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். 2005-இன் வரையறைப்படி, மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ டிரெயின் (வயிற்றில் வைத்த வடிகுழாய்) திரவத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு, இரத்தத்தின் இயல்பான உச்சவரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவு. 2016-இல் இதைத் திருத்தினார்கள். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத வெறும் பரிசோதனைக்கூடக் கசிவு, அதாவது பழைய ஏ, பி, சி என்ற மூன்று தீவிர நிலைகளில் லேசான ஏ நிலை, இப்போது உண்மையான ஃபிஸ்டுலா (கசிவு) அல்ல. டிரெயினை மூன்று வாரத்துக்கு மேல் வைக்க நேர்ந்தாலோ, ஊசிவழி வடிகுழாய் போட நேர்ந்தாலோ, இரத்தப்போக்குக்கு ஆஞ்சியோகிராம் வழிச் சிகிச்சை தேவைப்பட்டாலோ, தொற்று அறிகுறி வந்தாலோ பி நிலை. மறு அறுவை, உறுப்புச் செயலிழப்பு, மரணம் ஆகியவை சி நிலை. பழைய ஆய்வுகளின் சதவீதத்தைப் புதிய ஆய்வுகளின் சதவீதத்தோடு அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

வெளி ஸ்டென்டை ஸ்டென்டே வைக்காததோடு ஒப்பிட்ட மூன்று சீரற்றதெரிவு ஆய்வுகள் (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தவை) இந்த விவாதத்தின் முதுகெலும்பு. 2007-இல் ஹாங்காங்கில் 120 பேரிடம் செய்ததில் கசிவு ஸ்டென்ட் குழுவில் 6.7 சதவீதம், மற்றதில் 20. 2011-இல் பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, மென்மையான கணையமும் விரியாத குழாயும் கொண்ட 158 பேரிடம் செய்ததில் ஸ்டென்ட் குழுவில் 26 சதவீதம், மற்றதில் 42. கசிவு தவிர மொத்தச் சிக்கல்களும் குறைந்தன (41.5-க்கு 61.7), இரைப்பை தாமதமாகக் காலியாவது 27.2-இலிருந்து 7.8-க்கு இறங்கியது. 2012-இல் ஜப்பானில் 93 பேரிடம் செய்ததில் பி, சி நிலைக் கசிவு 6 சதவீதத்துக்கு எதிராக 22. அந்தப் பலனும் விரியாத குழாய் உள்ளவர்களிடம்தான் தெரிந்தது. மூன்றுமே ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆனாலும் மூன்றும் சிறியவை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட காக்ரன் மதிப்பாய்வு, ஆதாரத்தின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடுதான் நிறுத்திக்கொண்டது.

உள் ஸ்டென்ட்டின் கதை வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளுக்கு உணவூட்டும் பிளாஸ்டிக் குழாயில் 6 செ.மீ. துண்டு வெட்டி வைத்தார்கள். 234 பேர். கெட்டியான கணையத்தில் ஸ்டென்ட் இருந்தவர்களுக்கு 1.7, இல்லாதவர்களுக்கு 4.8 சதவீதம் கசிவு. மென்மையான கணையத்தில் 21.1-க்கு 10.7, அதாவது ஸ்டென்ட் வைத்த பக்கமே எண்ணிக்கை அதிகம். புள்ளியியல் ரீதியாக இரண்டும் வேறுபாடாகத் தேறவில்லை. ஆனால் பலன் இருந்தால் தெரிந்திருக்க வேண்டிய குழுவில் பலன் தெரியவில்லை என்பதை ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் வெளி ஸ்டென்ட் உள் ஸ்டென்டை வென்றிருக்க வேண்டுமே என்று தோன்றும். நேருக்கு நேர் ஒப்பிட்டபோது அப்படி வரவில்லை. ஜப்பானில் 100 பேரிடம் செய்த ஆய்வில் கசிவு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. உள் ஸ்டென்ட் வைத்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். 2016-இல் வெளியான கொரிய ஆய்வில் 328 பேர். பி, சி நிலைக் கசிவு வெளி ஸ்டென்டில் 24.4 சதவீதம், உள் ஸ்டென்டில் 18.9. இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது? நேரடி ஒப்பீடுகளில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் டி வகைக்காரர்கள் அல்ல. அபாயம் கலந்த கூட்டத்தில் சாற்றைத் திருப்பிவிடுவதன் பலன் கரைந்துபோகும். வெளி ஸ்டென்ட் அடைபட்டால் அது ஸ்டென்ட் இல்லாததை விட மோசம் என்பது இன்னொரு காரணம். எனவே என் பார்வையில், வெளி ஸ்டென்டைப் பராமரிக்கத் தெரிந்த குழுவிடம், டி வகை நோயாளிக்கு, வெளி ஸ்டென்ட். அந்தப் பராமரிப்பு இல்லாத இடத்தில், கவனமான தையலோடு எதுவும் வைக்காமல் விடுவதும் நியாயமான தேர்வே.

வைப்பது என்று முடிவெடுத்தால், செய்முறையில்தான் பாதி வெற்றி.

பருமன்: ஒரு ஃப்ரெஞ்ச் அளவு என்பது மூன்றில் ஒரு மி.மீ. ஆக 5 ஃப்ரெஞ்ச் சுமார் 1.7 மி.மீ., 6 என்றால் 2, 8 என்றால் 2.7. குழாயில் சிரமமின்றி வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் சாறு பக்கவாட்டில் தாராளமாக ஓடும் அளவுக்குத் தளர்வாகவும் இருக்கக்கூடாது. இறுக்கமாகத் திணித்தால் கிளைக்குழாய்களின் வாய்கள் மூடிக்கொண்டு அழற்சி வரும். 3 மி.மீ. குழாய்க்கு 6 ஃப்ரெஞ்ச், 2 மி.மீ. குழாய்க்கு 5 என்பது நடைமுறையில் சரியாக வரும். எக்ஸ்ரேயில் தெரியும் கோடு உள்ள குழாயாக இருக்க வேண்டும். பிறகு இடம் நகர்ந்ததா என்று பார்க்க அது ஒன்றே எளிய வழி.

பக்கத்துளைகள்: கணையத்துக்குள் இருக்கப்போகும் பகுதியில் மட்டும். ஒரு துளைகூட இணைப்பு இருக்கும் இடத்திலோ குடலுக்குள்ளோ வரக்கூடாது. வந்தால் குடல்நீர் உள்ளே புகும், சாறு குடலுக்குள் வழியும். வெளி ஸ்டென்ட் வைத்ததன் நோக்கமே போய்விடும். துளைகளைப் பெரிதாக வெட்டினால் அந்த இடத்தில் குழாய் மடங்கும். எடுக்கும்போது அங்கேயே அறுந்துபோகவும் கூடும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக மாற்றி மாற்றி வெட்டுவது நல்லது. நுனியில் கூர்மை இருக்கக்கூடாது.

தையல் வரிசை: கணையத்தின் பின்விளிம்பையும் குடலின் மேலுறையையும் சேர்க்கும் வெளிவரிசை முதலில். அடுத்து குடலில் ஒரு சிறு துளை. இந்தத் துளை குழாயின் விட்டமளவுக்கு மேல் போகக்கூடாது. குடலின் சளிச்சவ்வு இழுபட்டு விரியும் என்பதால், தேவையைவிடச் சிறிதாகத் தொடங்குவதே சரி. பெரிய துளை போட்டுவிட்டுப் பிறகு சுருக்கப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிறகு குழாயின் பின்சுவருக்கு 5-0 அல்லது 6-0 அளவுள்ள மெல்லிய ஒற்றையிழைக் கரையும் நூலில் இரண்டு மூன்று தையல். ஸ்டென்டை இப்போதுதான் உள்ளே விட வேண்டும். கணையத்துக்குள் 3 முதல் 5 செ.மீ. போதும், வாலின் கடைசிவரை தள்ளினால் நுனி சுவரில் முட்டி அடைபடும். அதன்மேல் முன்சுவர்த் தையல்கள், கடைசியில் முன்பக்க வெளிவரிசை. மென்மையான கணையத்தில் குழாய் பெரும்பாலும் நடுவில் இராது. பின்விளிம்பை ஒட்டியே இருக்கும். அங்கே பின்சுவருக்குப் பிடிக்கத் திசுவே போதாது. அந்நிலையில் ப்ளூம்கார்ட் முறையில் கணையத்தின் முழுத்தடிமனையும் ஊடுருவும் தையல் வைத்துக் குடலால் போர்த்துவது உதவும்.

நிலைநிறுத்தல்: ஸ்டென்டைக் குழாயின் விளிம்பில் ஒரு தையலால் கட்ட வேண்டும். நூல் சில வாரங்களில் வலுவிழக்கும் கரையும் நூலாக இருக்க வேண்டும். கரையாத நூலில் கட்டினால் எடுக்கும் நாளில் ஸ்டென்ட் வராது, அல்லது குழாயின் விளிம்பையும் கிழித்துக்கொண்டு வரும். கட்டாமலே விட்டால் குடலின் அசைவு இரண்டே நாளில் அதை வெளியே இழுத்துப் போட்டுவிடும். முடிச்சு குழாயை நெரிக்காத அளவுக்கு இறுக்கம் போதும்.

வெளிவழி: இணைப்பிலிருந்து 10 முதல் 20 செ.மீ. கீழே குடல் சுவரில் துளையிட்டு வெளியே எடுக்க வேண்டும். துளையைச் சுற்றி ஒரு சுருக்குத்தையல். அதன்மேல் குடல்சுவரையே மடித்து 2–3 செ.மீ. சுரங்கம். பிறகு அந்த இடத்துக் குடலை வயிற்றுச்சுவரின் உட்பக்கத்தோடு நான்கு புள்ளிகளில் தைத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படிதான். குடல் வயிற்றுச்சுவரோடு ஒட்டாமல் தொங்கினால், சில வாரம் கழித்து ஸ்டென்டை உருவியதும் குடல்நீர் வயிற்றறைக்குள் கொட்டும். குழாய் போகும் பாதை நேராகவும் குறுகலாகவும் இருக்கட்டும். தோலருகே திடீர் வளைவு கூடாது. மூடுவதற்கு முன் வெளிநுனியில் தெளிந்த சாறு சொட்டுகிறதா என்று பொறுத்துப் பார்க்க வேண்டும். நீரை அழுத்திச் செலுத்திச் சோதிப்பது வேண்டாம்.

வார்டில் முதல் வேலை, பைகளுக்குப் பெயர் எழுதுவது. ஸ்டென்ட் பை ஒன்று, வயிற்று டிரெயின் பை இரண்டு என்று பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஸ்டென்ட் பையில் அமைலேஸ் பல்லாயிரக்கணக்கில் இருப்பது இயல்பு. அது கணையச் சாறேதான். மாதிரி மாறிப் போனால் இல்லாத கசிவுக்குச் சிகிச்சை தொடங்கும், அல்லது இருக்கும் கசிவு தெரியாமல் போகும். டிரெயின் அமைலேஸை முதல் நாளும் மூன்றாம் நாளும் பார்க்க வேண்டும். முதல் நாள் அளவு 5000 அலகுக்குக் கீழே இருந்து, மூன்றாம் நாளும் குறைவாகவே இருந்தால் டிரெயினைச் சீக்கிரம் எடுப்பதே நல்லது. நீண்ட நாள் வைத்த டிரெயின் தானே தொற்றுக்கு வழியாகும். ஸ்டென்ட் பையை ஈர்ப்பு விசைக்கு மட்டும் விட வேண்டும், உறிஞ்சுவிசை எதுவும் கூடாது.

ஸ்டென்ட் பையில் முதல் ஓரிரு நாள் கொஞ்சமாகத்தான் வரும். பிறகு நாளொன்றுக்கு 100 முதல் 300 மி.லி. வரை என்பது பரவலாகக் காணப்படுவது. மீதமுள்ள கணையத்தின் அளவைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். அளவைவிட நிறமும் திடீர் மாற்றமும் அதிகம் சொல்லும். நீர்போலத் தெளிவாக வந்துகொண்டிருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நுனி கணையத்தை விட்டு நழுவிக் குடலுக்குள் விழுந்திருக்கிறது என்று பொருள். ஓட்டம் சட்டென நின்றால் முதலில் தோலருகே மடிப்பு, கட்டுத்துணியின் அழுத்தம், பையின் திருகு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் ஒரு எக்ஸ்ரே. அதன் பிறகே, அறுவை மருத்துவர் தாமே, 1–2 மி.லி. சலைனை மிக மெதுவாக விட்டுப் பார்க்கலாம். தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் திறக்கப் பார்த்தால் மீதிக் கணையத்தில் அழற்சி வரும். புதிய தையல் பிரியும்.

பையிலோ டிரெயினிலோ இரத்தம் கலந்து வந்தால் அளவைப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது. சில நாட்கள் கழித்து வரும் சிறு இரத்தக்கசிவு, இரைப்பை-முன்சிறுகுடல் தமனியின் கட்டப்பட்ட முனையில் உருவான பொய்யுப்பலின் (தமனிச்சுவர் சேதமாகி வெளியே இரத்தம் தேங்கிய வீக்கம்) முன்னறிவிப்பாக இருக்கலாம்; பெரும்போக்கு சில மணி நேரத்தில் வரலாம். உடனே சி.டி. ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் தமனியை அடைக்கும் காயில் (கம்பிச்சுருள்) அல்லது தமனிக்குள் வைக்கும் உறையிட்ட ஸ்டென்ட். கணையக் கசிவால் வரும் மரணங்களில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான். நெதர்லாந்தின் 17 மையங்களில் 1,748 பேரைச் சேர்த்து 2022-இல் வெளியான போர்ஷ் ஆய்வில், தினசரி அறிகுறிகளையும் பரிசோதனைகளையும் ஒரு நெறிப்படி பார்த்து, சந்தேகம் வந்தவுடன் சி.டி.யும் ஊசிவழி வடிகாலும் என்று செயல்பட்டபோது, கடும் சிக்கலோ மரணமோ நேர்ந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். எந்த ஸ்டென்டும் கொடுக்காத பலன் இது. ஸ்டென்ட் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் குழுக்கள் இதற்கு அதில் பாதி நேரமாவது ஒதுக்கலாம்.

சாறு வெளியே போவதற்கு ஒரு விலை உண்டு. அதோடு சோடியமும் பைகார்பனேட்டும் போகும். ஓட்டம் அதிகமானவர்களுக்கு இரத்தம் அமிலத்தன்மை அடையும், நீரிழப்பும் வரும். அளந்து ஈடுகட்ட வேண்டும். உணவு செரிக்க நொதியும் இல்லை. முக்கிய உணவு ஒவ்வொன்றோடும் 40,000 முதல் 50,000 அலகு லிப்பேஸ் உள்ள கேப்சூல், சிறு தீனியோடு அதில் பாதி என்பது வழக்கமான தொடக்க அளவு. உணவுக்கு முன்பே விழுங்கிவிடாமல், முதல் கவளத்தோடு தொடங்கி உணவின் நடுவிலும் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

பெரும்பாலானோர் ஸ்டென்டோடுதான் வீட்டுக்குப் போவார்கள். தோலில் குழாய் நுழையும் இடத்தில் மையால் ஒரு குறி போட்டு அனுப்பினால், அது வெளியே நகர்ந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காய்ச்சல், புதிய வயிற்றுவலி, பையில் நிறமாற்றம், ஓட்டம் நின்றது, குறி நகர்ந்தது: இவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. குழாய் தானாக வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது.

எடுப்பது பொதுவாக 4 முதல் 6 வாரத்தில். ஹாங்காங் ஆய்வில் 3 வாரத்திலேயே எடுத்தார்கள். அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் கிளிப் போட்டு மூடிப் பார்க்க வேண்டும். வலியோ காய்ச்சலோ இல்லையென்றால் சாறு குடலுக்குள் தன் வழியைக் கண்டுகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிநோயாளிப் பிரிவிலேயே சீராக இழுத்தால் வந்துவிடும். தடுத்தால் பலம் காட்ட வேண்டாம். ஒரு வாரம் பொறுத்தால் நூல் கரைந்து இளகும். எடுத்த பின் குழாயின் நீளத்தை அளந்து, முழுதாக வந்ததா என்று குறித்துவைப்பது அவசியம். சில மணி நேர மந்தமான வலி பரவாயில்லை. வலி பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ சி.டி.

உள் ஸ்டென்டைத் தேர்ந்தவர்களுக்கு வேலை குறைவு, ஆனால் கடன் பின்னால் வரும். 5–6 செ.மீ. துண்டு, பாதி கணையத்தில், பாதி குடலில், விரைவில் கரையும் ஒரு தையல். தானாக உதிர்ந்து மலத்தோடு போய்விட வேண்டும், பெரும்பாலும் போய்விடும். போகாதவை கணையத்துக்குள் மேலேறிக் கல்லையும் அழற்சியையும் உண்டாக்கும். அல்லது அதே குடல் வளையத்தில் இணைந்திருக்கும் பித்தக்குழாய்க்குள் ஏறிப் பித்தநாள அழற்சி, கல்லீரல் சீழ்க்கட்டி வரை கொண்டுபோகும். விப்பிளுக்குப் பிறகு சாதாரண எண்டோஸ்கோப் அங்கே எட்டாது; பலூன் உதவியோடு செல்லும் நீள எண்டோஸ்கோப் வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் உள்ளே ஸ்டென்ட் வைத்த விவரமும், அது வெளியேறியதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்ய வேண்டிய மாதமும் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டால், சில ஆண்டுகள் கழித்து சி.டி.யில் தெரியும் வெள்ளைக் கோடு யாருக்கும் புரியாது.

வால்பகுதி அறுவை தனிக் கணக்கு. அங்கே குடலோடு இணைப்பு இல்லை. வெட்டிய முனையை மூடிவிடுவார்கள். ஸ்டேப்ளரால் மூடினாலும் கையால் தைத்தாலும் பெரிய வேறுபாடில்லை என்று 2011-இல் வெளியான டிஸ்பாக்ட் ஆய்வு காட்டியது: கசிவோ மரணமோ 32 சதவீதத்துக்கு 28. குழாயின் இயல்பான வாயில் உள்ள ஓடி தசைவளையம் உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது, அதன் வழியே ஸ்டென்ட் வைத்தால் அழுத்தம் குறைந்து வெட்டுமுனை கசியாது என்பது யோசனை. கேட்க அழகானது. சுவீடனில் 58 பேரிடம் சோதித்துப் பார்த்தபோது, பொருட்படுத்தத்தக்க கசிவு ஸ்டென்ட் வைத்தவர்களில் 42.3 சதவீதம், வைக்காதவர்களில் 22.2. தசைவளையம் திறந்ததும் குடல் கிருமிகள் கணையத்துக்குள் ஏறும். ஸ்டென்ட் வைக்கும் எண்டோஸ்கோப்பியே கணைய அழற்சியை உண்டாக்கும். தடுப்புக்காக ஏற்கெனவே நலமாக இருக்கும் குழாயைச் சீண்டுவது இங்கே லாபமில்லை. ஆனால் கசிவு வந்து, வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும்போது இதே ஸ்டென்ட் சிகிச்சையாக நன்றாகவே வேலை செய்யும். முடிந்தால் கசியும் இடத்தைத் தாண்டி நுனி போக வேண்டும்.

சிறு கட்டியை மட்டும் தோண்டி எடுக்கும் அறுவையில், கட்டி பிரதானக் குழாயிலிருந்து 2–3 மி.மீ. தொலைவுக்குள் இருந்தால் முன்கூட்டி ஸ்டென்ட் வைப்பவர்கள் உண்டு. அங்கே அதன் பயன் கத்தி எங்கே போகக்கூடாது என்று விரலுக்குக் காட்டுவது. ஆதாரம் சிறு தொடர்களில் மட்டுமே.

மருந்துகளைப் பற்றி ஒரு வரி. கணையச் சுரப்பைக் குறைக்கும் பாசிரியோடைட் 900 மைக்ரோகிராம் தினம் இருமுறை கொடுத்த 300 பேர் ஆய்வில் (2014) கசிவு, சீழ்க்கட்டி போன்றவை 21 சதவீதத்திலிருந்து 9 ஆகின. பழைய ஆக்ட்ரியோடைட் பற்றிய முடிவுகள் கலவையானவை. இவற்றை ஸ்டென்டுக்கு மாற்றாக நினைக்க வேண்டியதில்லை, சேர்த்தும் தரலாம். மருந்து கொடுக்கும் நாட்களில் ஸ்டென்ட் பையில் ஓட்டம் குறையும் என்பதை மட்டும் செவிலியரிடம் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு என்று நினைத்து யாராவது சலைன் அடிப்பார்கள்.

கடைசியாக, குழாய் 1 மி.மீ. அல்லது அதற்கும் சிறிது, 5 ஃப்ரெஞ்ச்கூட நுழையவில்லை என்றால்? விரிப்பானால் குடைந்து திணிக்க வேண்டாம். குழாய் கிழிந்தால் பிறகு எந்தத் தையலும் காப்பாற்றாது. இன்னும் மெல்லிய குழாய் கையில் இருந்தால் எதிர்ப்பின்றி நுழைகிறதா என்று ஒருமுறை பார்க்கலாம். இல்லையென்றால் குழாய்க்குக் குழாய் என்ற இணைப்பையே விட்டுவிட்டு, கணையத்தின் முனையைக் குடலுக்குள்ளோ இரைப்பைக்குள்ளோ செருகித் தைக்கும் முறைக்கு மாறி, வெட்டுப்பரப்பு முழுவதும் உள்ளே வடியும்படி செய்வது நல்லது. அபாய மதிப்பெண் உச்சத்தில் இருந்து, வெட்டுமுனையின் இரத்தவோட்டமும் சந்தேகமாக இருந்தால், முழுக் கணையத்தையும் எடுத்துவிடுவது பற்றி அறுவைக்கு முன்பே நோயாளியோடு பேசியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் இன்சுலின் என்பது லேசான விலையல்ல. அதை மயக்கத்தில் இருப்பவருக்காக மேசையருகே நின்று முடிவுசெய்ய முடியாது.